மூன்று பாக்கம், ஒரு பாடம்

(பட்டிமன்றத் தலைப்பு: ஏரிக்கரைகளைக் காக்கப் பெரிதும் துணை நிற்பது மக்களின் மனமா? சட்டத்தின் எல்லையா? ‘சட்டத்தின் எல்லையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

    

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் அழகாகச் சொன்னார்கள். “நம்ம தாத்தா காலத்துல ஏரியைச் சுத்தி இத்தனை மீட்டர் விடணும்னு சட்டமா இருந்துச்சு? மனசு இருந்துச்சு, ஏரியும் இருந்துச்சு!” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். (சிரிப்பு) நல்லாப் பேசினா தட்டத்தானே வேணும்? ஆனால், கேட்கிறதுக்கு நன்றாக இருப்பதெல்லாம் வரலாறு ஆகிவிடாது.

நடுவர் அவர்களே, நான் இன்றைக்கு மூன்று ஊர்களை உங்கள் முன்னால் வைக்கிறேன். மூன்றுமே ‘பாக்கம்’ என்று முடிகிற ஊர்கள். ஒன்று நுங்கம்பாக்கம். இன்னொன்று செம்பரம்பாக்கம். மூன்றாவது பிள்ளைப்பாக்கம். மூன்று ஊருக்கும் ஏரி உண்டு. தப்பு, தப்பு. ஒரு ஊருக்கு ஏரி உண்டு. ஒரு ஊருக்கு ஏரி ‘இருந்தது’. ஒரு ஊருக்கு ஏரி ‘இருக்குமா?’ என்பதுதான் கேள்வி.

முதலில் நுங்கம்பாக்கம். இன்றைக்குச் சென்னையில் வள்ளுவர் கோட்டம் இருக்கிறதே, 1976-இல் திறந்தார்களே, அந்த இடம் என்ன? நுங்கம்பாக்கம் ஏரி. அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றுக்கு இன்றைக்கும் ‘டேங்க் பண்ட் ரோடு’ என்றுதான் பெயர். டேங்க் எங்கே? இல்லை. பண்ட் எங்கே? இல்லை. ரோடு மட்டும் இருக்கிறது! (சிரிப்பு) மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு தெரு. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது. வியூ வேணும்னா மழைக்காலத்தில் போங்க. தெருவே லேக்கா இருக்கும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

வெள்ளைக்காரன் போட்ட வரைபடத்தில் அந்தப் பக்கத்து நீர்ப்பரப்புக்கு ‘லாங் டேங்க்’ என்று பெயர். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் நகரத்துக்கு வீட்டுமனை வேண்டும் என்று அதிலே ஒரு பெரும்பகுதியை வடிய விட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர். அங்கே குடியிருக்கிறவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அரசாங்கமே முன்னால் நின்று செய்த வேலை அது. ஆனால் 2015 மழையிலும் சரி, 2021 நவம்பர் மழையிலும் சரி, தியாகராய நகரில் தண்ணீர் வந்து நின்றதே, அது ஏன்? தண்ணீர் புதுசாக எங்கிருந்தோ வரவில்லை ஐயா. தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. நாம்தான் அதன் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறோம்.

இப்போது அம்மையார் சொன்ன தாத்தா காலத்துக்கு வருகிறேன். தாத்தா என்ன, தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக்கே போகலாம். இதே காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். எதற்குக் குடவோலை? வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க. அந்த வாரியங்களில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? ஏரி வாரியம்! ஆறு பேர் உறுப்பினர். 360 நாள் பதவி. வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. வரி கட்டுகிற கால்வேலி நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய சொந்தக்காரனும் நிற்கக் கூடாது!

நடுவர்: ஐயா, அந்த விதியை இப்ப கொண்டுவந்தா எந்த ஊர்லயும் வேட்பாளரே கிடைக்க மாட்டாங்களே! (பலத்த சிரிப்பு)

அதனால்தான் கல்லில் வெட்டி வைத்தான் ஐயா! பேப்பரில் எழுதினால் கிழித்துவிடுவான் என்று தெரிந்தே கல்லில் வெட்டினான். ‘எல்லாரும் நல்ல மனசு உள்ளவங்க, ஏரியைப் பார்த்துக்குவாங்க’ என்று சோழன் விட்டுவிடவில்லை. ஆள் யார், தகுதி என்ன, காலம் எவ்வளவு, கணக்கு எப்படி என்று வரையறுத்தான். அதற்குப் பெயர் மனமா? சட்டம்! அந்த ஊர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். அது பல்லவர் காலத்து ஏரி. ஆயிரம் ஆண்டு தாண்டி இன்றைக்கும் இருக்கிறது.

குடிமராமத்து என்பார்கள். ஊரே கூடி ஏரிக்கு மண் வெட்டிப் போடுகிற வழக்கம். அருமையான வழக்கம். எதிரணி அதைத்தான் தூக்கிப் பிடித்தது. ஆனால் அந்த வழக்கமும் தளர்ந்தபோது, 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட வேண்டி வந்ததே, அது ஏன்? கரை உடைகிற நேரத்தில் வழக்கத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால்தானே? மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், மழைக்கு உடைய இருந்த கரையை ராமரும் இலட்சுமணரும் வில்லோடு வந்து காவல் நின்று காத்தார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் காவல் கதையிலேயே ஒரு சேதி இருக்கிறது. ஏரிக்கு மனசு உள்ளவன் மட்டும் போதாது. கரை மேலே நின்று ‘இதுக்கு மேல வராதே’ என்று சொல்ல ஒரு வில்லும் வேண்டும். அந்த வில்தான் சட்டம்! (கைதட்டல்)

சரி, இரண்டாவது பாக்கம். செம்பரம்பாக்கம். சென்னையில் குடியிருக்கிற குழந்தைக்குக்கூட இந்தப் பெயர் தெரியும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி. மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்றைக்கு விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பல பேர் மொட்டை மாடியில் நின்றிருப்பீர்கள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, அதை மனிதனால் வந்த பேரிடர் என்றே சொன்னது.

அதே ஏரி 2019 கோடையில் என்ன ஆச்சு? வறண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னாலே தண்ணி வந்து நம்மைத் துரத்துச்சு. நாலு வருஷம் கழிச்சு நாம தண்ணியைத் துரத்திக்கிட்டு ரயில் ஏறினோம்! (சிரிப்பு) வெள்ளத்தைத் தாங்கவும் ஏரிதான், வறட்சியைத் தாங்கவும் ஏரிதான். ஏரி சுருங்கினால் இரண்டும் நம் தலையில்தான் விடியும்.

செம்பரம்பாக்கம் நிறைவது எப்படி? தன் மேலே பெய்கிற மழையால் மட்டுமா? இல்லை. இங்கேதான் மூன்றாவது பாக்கம் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி என்று மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பிக் கலங்கலில் வழிகிற தண்ணீர்தான் கீழே செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. நம்ம வீட்டில் பந்தி பரிமாறுகிற மாதிரி. முதல் இலைக்குப் போட்டு, அடுத்த இலைக்குப் போட்டு, கடைசி இலை வரைக்கும் போக வேண்டும். நடுவிலே ஒருத்தன் இலையை மடக்கினால் சாதம் எங்கே போகும்? தரையில் கொட்டும். ஏரிச் சங்கிலியில் நடுவில் ஓர் ஏரி சுருங்கினால் தண்ணீர் எங்கே போகும்? தெருவில் கொட்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381, செங்கல்பட்டு மாவட்டத்தில் 528, ஆக 909 ஏரிகள் நீர்வளத் துறையின் கணக்கில் மட்டும் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கிற சின்ன ஏரி, குளம் தனி. அத்தனையும் ஒன்றை ஒன்று கை பிடித்து நிற்கிற ஏரிகள்.

இன்றைக்குப் பிள்ளைப்பாக்கம் எப்படி இருக்கிறது? சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-களில் கார் தொழிற்சாலை வந்தது. ஒரகடத்தில் இன்னொன்று 2010-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. காலை ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸைப் பாருங்கள், தருமபுரிப் பிள்ளை, திருவண்ணாமலைப் பிள்ளை, பீகார் பிள்ளை எல்லாம் உட்கார்ந்திருக்கும். நான் தொழிற்சாலைக்கு எதிரி இல்லை. என் சொந்தத் தங்கை வீட்டுக்காரரே அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறார். அவர் கதையைக் கொஞ்சம் சொல்லட்டுமா?

நடுவர்: சொல்லுங்க. மச்சான் இந்த நிகழ்ச்சியைப் பார்க்க மாட்டாரே? (சிரிப்பு)

பார்ப்பார் ஐயா. அவர்தான் சொல்லச் சொன்னார். பத்து வருஷம் சீட்டுக் கட்டி, என் தங்கை கழுத்திலிருந்த சங்கிலியை வைத்து, வங்கியில் கடன் வாங்கி, அந்தப் பக்கம் ஓர் ஊரில் ஒரு மனை வாங்கினார். இரண்டரை சென்ட். விற்றவர் என்ன சொன்னார்? ‘சார், ஏரிக்காத்து சார். ஏ.சி.யே வேணாம் சார்.’ நோட்டீஸில் ஏரிப் படம், இரண்டு வாத்துப் படம். (சிரிப்பு) பட்டா இருந்தது. பத்திரம் இருந்தது. வில்லங்கச் சான்றிதழில் வில்லங்கம் இல்லை. புறம்போக்கு இல்லை ஐயா, சுத்தமான பட்டா நிலம். வீடு கட்டினார். 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் வாசல்படி ஏறியது. விடிகிறபோது ஜன்னல் அளவு. என் தங்கை கைக்குழந்தையைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மாடிப்படி இல்லாத வீட்டில், பரண் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் போன் கிடைத்தபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ‘அண்ணா, எல்லாப் பேப்பரும் சரியா இருந்துச்சே, அப்புறம் எப்படிண்ணா தண்ணி வந்துச்சு?’

(அரங்கில் அமைதி)

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். தண்ணிக்குப் பட்டா படிக்கத் தெரியாதும்மா. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், மேடு எது, பள்ளம் எது!

அந்த நிலம் ஏரிக்குள் இல்லை. ஏரியின் விளிம்பில் இருந்தது. ஏரி நிரம்பித் ததும்பினால் தண்ணீர் ஏறுகிற உள்வாய்ப் பக்கம். மழை குறைந்த வருஷங்களில் பார்த்தால் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பார்க்கிறவனுக்கு அது ஏரி என்று தோன்றாது. என் மச்சானுக்கு மனசு இல்லையா? தங்கமான மனசு. ஏரியை அழிக்கணும் என்று எண்ணியா வாங்கினார்? ‘இங்கே கட்டாதே, கட்ட விடமாட்டேன்’ என்று ஒரு கல், ஒரு கோடு, ஒரு விதி அந்த இடத்தில் நின்றிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? ஏரியை மனுஷன்கிட்டேயிருந்து காப்பாத்த மட்டும் இல்லை ஐயா செட்பேக் விதி; மனுஷனை ஏரிகிட்டேயிருந்து காப்பாத்தவும்தான்! (நீண்ட கைதட்டல்)

செட்பேக் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேன். கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி. ஆங்கிலத்தில் அதற்குப் பின்னடைவு என்றும் ஒரு பொருள் உண்டு. மனை விற்கிறவரைக் கேட்டால், ‘நீங்க ஏரிக்கு செட்பேக் விடச் சொன்னா, எனக்கு அதுவே செட்பேக் சார்’ என்பார். (சிரிப்பு) இதில் நம் மக்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. ஆக்கிரமிப்பு வேறு, இடைவெளி வேறு. ஏரிக்குள்ளேயே வீடு கட்டுவது ஆக்கிரமிப்பு. அதற்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. 2007-இல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. ஆனால் ஏரி எல்லைக்கு ஓரடி வெளியே, சொந்த நிலத்தில் கட்டினால்? அங்கேதான் இடைவெளி விதி வேலை செய்ய வேண்டும்.

என்ன விதி இருக்கிறது? நம் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 15 மீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. சுமார் 50 அடி. அந்தத் தூரத்துக்குள் வருகிற கட்டடத்தின் கழிவுநீர் நீர்நிலைக்குள் போகக் கூடாது என்பதே அதன் முக்கியமான அக்கறை. தொழிற்சாலைக்கு வேறு கணக்கு. 1989-இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிகம் மாசு செய்யும் தொழிற்சாலை வரக் கூடாது என்று. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்த ஆணையையும் எடுத்துக்காட்டியது. வழக்குக்குப் போனவர்களுக்கு மனசு இருந்தது. ஆனால் நீதிபதி முன்னால் ‘ஐயா, என் மனசு கேக்கலை’ என்று சொன்னால் போதுமா? காட்டுவதற்கு ஓர் ஆணை இருந்தது. நின்றது.

வேறு மாநிலத்தைப் பாருங்கள். ஐதராபாத்தில் 1908 செப்டம்பரில் மூசி ஆற்றில் பெருவெள்ளம். பல்லாயிரம் உயிர் போயிற்று. விஸ்வேஸ்வரய்யா வந்தார், யோசனை சொன்னார். உஸ்மான் சாகர், இமாயத் சாகர் என்று இரண்டு பெரிய ஏரிகள் 1920-களில் எழும்பின. வெள்ளமும் தணிந்தது, குடிக்கத் தண்ணீரும் கிடைத்தது. 1996-இல் அந்த மாநில அரசு ஆணை எண் 111 என்று ஒன்று போட்டது. அந்த ஏரிகளிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், மாசு செய்யும் தொழிலும் பெரிய கட்டடங்களும் கூடாது. ஓர் எண்ணெய்த் தொழிற்சாலை விலக்குக் கேட்டு வந்தது. கெட்ட பிறகு பார்க்கலாம் என்பது பேச்சில்லை, கெடுமோ என்று சந்தேகம் வந்தாலே தடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆணையை 2022-இல் தெலங்கானா அரசு தளர்த்தியது. எதிரணி உடனே கைதட்டும், ‘பார்த்தீர்களா, உங்கள் சட்டம் நிற்கவில்லை’ என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். சட்டம் இருந்தபோது 26 வருஷம் நின்றது. சட்டத்தைத் தளர்த்தின பிறகு நிற்பது எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்!

பெங்களூருக்கு வருவோம். ஏரிகளால் ஆன ஊர். அகரம் ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் நடுவில் பெரிய கட்டடங்கள் வந்தன. மக்கள் அமைப்புகள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2016 மே 4-ஆம் தேதி தீர்ப்பாயம் சொன்னது: ஏரியிலிருந்து 75 மீட்டர் விடு. அதற்கு முன்பு நகரத் திட்டத்தில் இருந்தது 30 மீட்டர். ஊரே குலுங்கிப் போயிற்று. வீடு வாங்கினவன், பாதி கட்டினவன், கடன் கொடுத்த வங்கி, எல்லாருக்கும் தூக்கம் போச்சு. 2019 மார்ச் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் என்ன? ஏரிக்கு இடைவெளி வேண்டாம் என்றா சொன்னது? இல்லை. சட்டப்படி போட்ட நகரத் திட்டத்தைத் தீர்ப்பாயம் தானே திருத்தி எழுத முடியாது என்றது. மறுபடி 30 மீட்டர்.

இதில் என்ன பாடம்? ஏரிக்கு எவ்வளவு இடம் என்பதைக் கட்டடம் எழும்பிய பிறகு முடிவு செய்யக் கூடாது. அதை வழக்குமன்றத்தில் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. முதல் செங்கல் வைப்பதற்கு முன்னால், திட்டத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்து மரடு சாட்சி. வேம்பநாட்டுக் காயல் கரையில், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2006-இல் உள்ளூராட்சி அனுமதி கொடுத்தது. மக்கள் நம்பி வாங்கிக் குடியேறினார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 இரண்டே நாளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தீர்களே, சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்தது. ஆளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னார்கள். பணம் கிடைக்கலாம். அந்த வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பாளே ஒரு தாய், அந்தக் கோட்டுக்கு எவன் இழப்பீடு தருவான்?

நடுவர்: (மெதுவாக) உண்மைதான்.

இங்கே நம் பள்ளிக்கரணையிலும் இதே தவிப்புதான். 2022-இல் உலக அளவிலான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், எல்லையை நேரில் அளந்து முடிக்கிற வரைக்கும் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புது அனுமதி கொடுக்காதே என்றது. பட்டியலில் சேர்த்து மூன்று வருஷம் ஆன பிறகும் எல்லைக்கல் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் அனுமதி வாங்கினவன் கதி என்ன? நான் சட்டத்தின் பக்கம் நின்றே இதைச் சொல்கிறேன். எல்லைக்கோடு போடாத சட்டம், பல் கட்டாத பொக்கை வாய் மாதிரி. சத்தம் வரும், கடிக்க முடியாது! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். “இரண்டு சென்ட் வைத்திருக்கிற ஏழைக்கு 15 மீட்டர் விடு, 30 மீட்டர் விடு என்றால் அவன் மனையே போயிடுமே! பெரிய மதில் சுவர் கட்டினவனுக்கு விலக்கு, குடிசைக்கு விதியா?” என்று கேட்டார். ஐயா, உங்கள் கேள்விக்கு என் தலை வணங்குகிறது. என் தங்கையும் அந்த இரண்டரை சென்ட்காரிதான். அதனால் சொல்கிறேன். விதி என்றால் மூன்று குணம் இருக்க வேண்டும்.

முதல் குணம், அது தண்ணீரின் கணக்கில் இருக்க வேண்டும். எங்கிருந்து அளப்பது? கரையிலிருந்தா? இன்றைக்குத் தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்தா? கோடையில் அளந்தால் ஏரி குட்டையாய் இருக்கும். ஐப்பசியில் அளந்தால் கடலாய் இருக்கும். நம் ஏரி வெள்ளைக்காரன் ஊர் ஏரி மாதிரி வருஷம் முழுக்க ஒரே விளிம்பில் நிற்பதில்லை. ஒரு பக்கம் கரை, மூன்று பக்கம் மெல்லச் சரிகிற நிலம். ஆயிரம் அடிக்கு ஓரடி சரிகிற நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரடி ஏறினால் ஆயிரம் அடி உள்ளே வரும். அங்கே 50 அடி இடைவெளி என்ன செய்யும்? ஆகவே ஏரி நிறைந்து கலங்கலில் வழிகிற மட்டத்தைப் பிடித்து, அந்த முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஐதராபாத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரியானால் அந்தக் கோட்டிலிருந்து 30 மீட்டர், சிறியதானால் 9 மீட்டர். மீட்டரில் மட்டும் எழுதாதே, மட்டத்திலும் எழுது என்பதே என் கட்சி. கரைப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். கரையின் அடியில் கடைக்கால் தோண்டினால் கரை பலவீனப்படும். எறும்புப் புற்றுக்கே பயப்படுகிற கரை, போர்வெல் லாரிக்குத் தாங்குமா?

இரண்டாவது குணம், அது ஆள் பார்க்கக் கூடாது. குடிசைக்கு ஒரு நியாயம், கோபுரத்துக்கு ஒரு நியாயம் என்றால் அது விதி இல்லை, சதி. அரசாங்கக் கட்டடம் ஏரியில் நிற்கலாம், ஆறுமுகம் வீடு நிற்கக் கூடாது என்றால் எந்த ஆறுமுகம் கேட்பான்?

மூன்றாவது குணம், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அலுவலகத்துப் பீரோவில் தூங்குகிற வரைபடத்தில் கோடு இருந்து என் மச்சானுக்கு என்ன லாபம்? நிலத்தில் கல் நட வேண்டும். பத்திரத்தில் எழுத வேண்டும். மனை பார்க்க வருகிறவன், கல்லைத் தொட்டுப் பார்த்து, ‘இது தண்ணிக்கு உண்டான இடம்’ என்று திரும்பிப் போக வேண்டும். ஏற்கெனவே நம்பி வாங்கிவிட்ட ஏழைக்கு மாற்று இடம் கொடுத்த பிறகு எழுப்ப வேண்டும்.

மனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை நடுவர் அவர்களே. மனம் இல்லாமல் எந்தச் சட்டமும் பிறக்காது. ஆனால் மனம் மாறும். மனை விலை ஏறினால் சீக்கிரமே மாறும்! (சிரிப்பு) தகப்பனுக்கு இருந்த மனசு மகனுக்கு இருக்கும் என்று உத்தரவாதம் உண்டா? சென்ட் ஆயிரம் ரூபாய்க்கு விற்றபோது எல்லாருக்கும் ஏரி மேல் பாசம் இருந்தது. சென்ட் லட்சத்தைத் தொட்டபோது, பாசம் எல்லாம் அளவுச் சங்கிலி மேலே போயிடுச்சு. உத்திரமேரூர்க்காரனுக்கு இது தெரிந்திருந்தது. அவன் மனிதனை நம்பினான், ஆனாலும் கல்லில் எழுதி வைத்தான்.

நுங்கம்பாக்கத்தை இழந்தோம். அது நடந்து முடிந்த கதை. செம்பரம்பாக்கத்திடம் அடி வாங்கினோம். அது இன்னும் ஆறாத காயம். பிள்ளைப்பாக்கம் இன்னும் நம் கையில் இருக்கிறது. பேரிலேயே ‘பிள்ளை’ இருக்கிற ஊர். அந்தப் பிள்ளையைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள் என்று கேட்கிறேன்.

என் தங்கை இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். விற்றால் வாங்க ஆள் இல்லை. விட்டுவிட்டுப் போக வழி இல்லை. ஒவ்வொரு ஐப்பசியும் பீரோவைச் செங்கல் மேலே தூக்கி வைக்கிறாள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைப் பாலித்தீன் பையில் போட்டுப் பரணில் வைக்கிறாள். அன்றைக்குத் தோளில் கிடந்த அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மழையில் என்னைக் கேட்டாள், ‘மாமா, ஏரி நல்லதா கெட்டதா?’ என்று.

ஏரி நல்லதுதாம்மா. அதுக்கு உண்டான இடத்தை அதுக்கு விட்டா, ஏரி நல்லது. விட வைப்பது எது? சட்டத்தின் எல்லையே! சட்டத்தின் எல்லையே! சட்டத்தின் எல்லையே என்று கூறி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)